கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது: எஸ்எம்பிஎஸ் மாற்றியும் தீரவில்லை

மேலூர் டெஸ்க்டாப் (கேள்வி)

வணக்கம் அண்ணன்மார்களே. மேலூரிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி கிராமத்து வீடு. சிங்கிள் ஃபேஸ் லைன், கூடவே இன்வெர்ட்டர். டெஸ்க்டாப், மானிட்டர், பிரிண்டர் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓடுகின்றன. செருப்பில்லாமல் நின்று கேபினெட்டின் பின்பக்க ஸ்க்ரூவிலோ யுஎஸ்பி வாயிலோ விரல் பட்டால் சுருக்கென்கிறது. புறங்கையால் லேசாகத் தடவினால் தகரம் அதிர்கிற மாதிரி ஒரு சொரசொரப்பு. தரை துடைத்த ஈரத்தில் அதிகம். செருப்புப் போட்டிருந்தால் ஒன்றும் தெரியாது. டெஸ்டர் வைத்தால் எரிகிறது.

சர்வீஸ் கடையில் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) லீக் என்றார்கள். புதுசு மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் டிவியிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது சின்னப் பொறி பறந்தது, கிராபிக்ஸ் கார்டில் அந்த போர்ட் அதோடு போய்விட்டது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த கணக்கு: ஃபேஸ்–நியூட்ரல் 228 வோல்ட், ஃபேஸ்–எர்த் 119, நியூட்ரல்–எர்த் 107.

எலக்ட்ரீஷியன் ஒருவர், "சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயர் போட்டுச் சேர்த்துட்டா ஷாக் நின்னுரும்" என்கிறார். செய்யலாமா? இல்லை, மதர்போர்டு வரைக்கும் மாற்ற வேண்டி வருமா?

சால்டரிங் மேசை

மதர்போர்டைத் தொடாதீர்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் தூக்கிப் போடாதீர்கள், அது அநேகமாக நல்ல எஸ்எம்பிஎஸ்தான். நீங்கள் கொடுத்த மூன்று எண்களிலேயே விடை இருக்கிறது. 119-ம் 107-ம் கூட்டினால் 226. அதாவது உங்கள் எர்த் பின் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் அந்தரத்தில் தொங்குகிறது, மண்ணோடு அதற்குத் தொடர்பே இல்லை.

ஏன் நடுவில் நிற்கிறது என்றால், எந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தாலும் மின்சாரம் நுழையும் இடத்தில், பெரும்பாலும் நீல நிறத்தில், இரண்டு சின்ன வட்டக் கெபாசிட்டர்கள் இருக்கும். ஒய் கெபாசிட்டர் என்பார்கள். ஒன்று ஃபேஸிலிருந்து பாடிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து பாடிக்கு. சுவிட்சிங்கால் வரும் மின் இரைச்சலை எர்த் வழியாக வெளியேற்றுவதற்காக வேண்டுமென்றே வைப்பது. எர்த் இல்லாவிட்டால் பாடி இரண்டுக்கும் நடுவில், சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். புது எஸ்எம்பிஎஸ்ஸிலும் அதே இரண்டு கெபாசிட்டர் உண்டு, அதனால்தான் மாற்றியும் தீரவில்லை.

எவ்வளவு கரண்ட் என்று பார்ப்போம். 2.2 நானோஃபேரட் கெபாசிட்டர் வழியாக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.16 மில்லி ஆம்பியர் வரும். 4.7 ஆக இருந்தால் 0.34. மனிதத் தோல் உணரத் தொடங்குவது ஏறக்குறைய அரை மில்லி ஆம்பியரில். ஆக சிபியூ மட்டும் தனியாக இருந்தால் சிலருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் வீடியோ கேபிளும் யுஎஸ்பி கேபிளும் மானிட்டர், பிரிண்டர் பாடிகளை சிபியூ பாடியோடு இணைத்துவிடுவதால் மூன்றின் கசிவும் கூடி உங்கள் விரலில் இறங்குகிறது. அவை இரண்டையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டுத் தொட்டுப் பார்த்தால் குறைந்திருக்கும். ஆனாலும் தொட்டுப் பார்க்க வேண்டாம், மீட்டரே போதும்.

டெஸ்டர் எரிவதை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். உள்ளே இருக்கும் நியான் விளக்குக்குச் சில மைக்ரோ ஆம்பியர் போதும். இந்தக் கெபாசிட்டர் கசிவுக்கும் எரியும், ஃபேஸ் வயர் உரிந்து கேபினெட்டில் உட்கார்ந்திருந்தாலும் எரியும். முதலாவது சுருக்கென்பதோடு நிற்கும், இரண்டாவது ஆளைக் கொல்லும். எர்த் இல்லாத வீட்டில் இரண்டையும் விரலால் பிரித்தறிய வழியில்லை, அதனால் "பழகிப்போச்சு" என்று யாரும் விட்டுவிடக் கூடாது.

எச்டிஎம்ஐ போர்ட் போன காரணமும் இதுவே. டிவி பக்கம் மொட்டை மாடியில் போல்ட் அடித்த டிஷ்ஷிலிருந்தோ கேபிள் டிவி ஒயரிலிருந்தோ மண் தொடர்பு இருக்கும். உங்கள் கேபினெட் 115 வோல்ட்டில் மிதக்கிறது. கேபிளை நேராகச் செருகினால் வெளி உலோக உறை முதலில் தொட்டு அந்த வித்தியாசம் கழிந்துவிடும். சாய்த்துச் செருகினால் உள் பின் வழியாக, 5 வோல்ட்டுக்கும் அதற்குக் கீழும் செய்த சிப்புக்குள் இறங்கும். எர்த் சரியாகும் வரை இரண்டு பக்கமும் பிளக்கையே பிடுங்கிவிட்டுத்தான் கேபிள் மாற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவிட்ச் சில சமயம் நியூட்ரலை வெட்டிவிட்டு ஃபேஸை விட்டுவைக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: பவர் கார்டைச் சுவரிலிருந்து உருவி, சிபியூ பின்னால் செருகியே வைத்திருங்கள். மீட்டரை பீப் முறையில் வைத்து ஒரு முனையைப் பிளக்கின் தடித்த எர்த் பின்னிலும் மறுமுனையைக் கேபினெட் பின்னால் பெயிண்ட் இல்லாத ஸ்க்ரூவிலும் வையுங்கள். பெயிண்ட் மேல் வைத்தால் பீப் வராது, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1 ஓமுக்குள் காட்டினால் கணினியும் கார்டும் சரி. பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கில் தடித்த பின்னிலிருந்து பாக்ஸின் பெரிய ஓட்டைக்கு அதே சோதனை. மலிவு பாக்ஸ்களில் மூன்று ஓட்டை இருக்கும், ஒயர் மட்டும் 2 கோர், உள்ளே எர்த் கம்பியே இருக்காது.

வயர்மேன் திருமங்கலம்

தம்பி, அந்தத் துண்டு வயரை மட்டும் போடவே போடாதீங்க. இதைச் சொல்லத்தான் வேலையை விட்டுட்டு எழுதுறேன். ஊருப்பக்கம் பாதி வீட்டுல சாக்கெட்டுக்குள்ள இப்படித்தான் லூப் அடிச்சு வச்சிருக்காங்க. ஷாக் நின்னுரும், வாஸ்தவம். ஆனா என்னைக்காவது போஸ்ட்லயோ மீட்டர் கட்டையிலயோ நியூட்ரல் விட்டுப்போச்சுன்னா என்ன ஆகும்? ஓடிக்கிட்டிருக்க ஃபேன், லைட்டு வழியா வந்த ஃபேஸ் அந்த நியூட்ரல் வயர்ல ஏறி, நீங்க போட்ட துண்டு வழியா கேபினெட்டுக்கு வந்துரும். அந்தக் கெபாசிட்டர் கணக்கெல்லாம் அங்க கிடையாது, முழு 230 வோல்ட். அதே வயர்ல ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எர்த்தும் இருந்தா அதுகளும் சேர்ந்து ஃபேஸ். இன்னொண்ணு, போஸ்ட்ல வேலை பார்த்துட்டு ஃபேஸும் நியூட்ரலும் அங்கிட்டு இங்கிட்டு மாறிக் கட்டிட்டாங்கன்னா நியூட்ரல் விட்டுப்போகக் கூட வேண்டாம், மெயினைப் போட்ட உடனே கேபினெட் ஃபேஸ்தான்.

போர் பைப்புல எர்த் கட்டுறதும் வேண்டாம். இப்ப பாதி பைப் பிளாஸ்டிக், மண்ணுக்குப் போகாது. குளிக்கிறவங்க கையில வந்து நிக்கும்.

மெயினை ஆஃப் பண்ணி, டெஸ்டர் வச்சு உறுதி பண்ணிட்டு சாக்கெட்டைக் கழட்டிப் பாருங்க. முன்னாடியிருந்து பார்த்தா வலது ஓட்டை ஃபேஸ், இடது நியூட்ரல், மேல பெருசு எர்த். பச்சை வயர் இருக்கா, பச்சையில மஞ்சக்கோடு இருக்கா, ஸ்க்ரூல கெட்டியா இருக்கான்னு பாருங்க. நிறைய இடத்துல பச்சை வயரை இழுத்து வச்சிருப்பாங்க, போர்டுக்குள்ளயே சுருட்டி விட்டுருப்பாங்க. அதுக்கப்புறம் எர்த் குழிகிட்ட போய், பைப்புல வயரு முறுக்கியிருக்க போல்ட்டைப் பாருங்க.

மேலூர் டெஸ்க்டாப்

பார்த்தாச்சு, அண்ணன். சிபியூ கார்டு 0.3 ஓம், சரி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பீப் வரவே இல்லை. பிளக்கைத் திறந்தால் ஒயர் இரண்டுதான், தடித்த பின் சும்மா நிற்கிறது. மானிட்டருக்கு வந்த கார்டு உருண்டை இரண்டு பின் உள்ளது, அதன் எர்த் பக்கவாட்டில் ஒரு தகடாக இருக்கிறது. நம்ம சாக்கெட்டில் அந்தத் தகடு எதையும் தொடுவதில்லை.

சிபியூவை நேராகச் சுவர் சாக்கெட்டில் போட்டால் ஃபேஸ்–எர்த் 190, நியூட்ரல்–எர்த் 38. முன்னைக்குப் பரவாயில்லை, ஆனாலும் லேசாக இருக்கிறது. குழி வீட்டுக்குப் பின்னால், 4 அடியில் பாறை. சித்திரை மாசம், மண் புட்டுப்போல உதிர்கிறது.

அனுப்பானடி நெட்வொர்க்

மீட்டரில் வருவது கோஸ்ட் வோல்டேஜாக இருக்கலாம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம், காற்றில் தொங்கும் ஒயரில்கூட எதையாவது காட்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் எரிந்தால் எர்த் நல்லது.

வயர்மேன் திருமங்கலம்

கோஸ்ட் வோல்டேஜ் சொன்னது சரிதான் சார். ஆனா பல்பு சோதனையை எர்த் சந்தேகமா இருக்க வீட்டுல செய்யச் சொல்லாதீங்க. எர்த் கெட்டுப்போயிருந்தா பல்பு எரியாது, பதிலுக்கு பல்பு வழியா ஃபேஸ் அந்தப் பச்சை வயர்ல ஏறி வீட்டுல இருக்க அத்தனை பொருள் மேலயும் வந்து நிக்கும். அந்த நேரம் அடுப்படியில ஒருத்தர் ஃபிரிட்ஜைத் திறந்தா என்ன ஆகிறது? தெரிஞ்ச ஆள், மூணு பின் பொருள் எல்லாத்தையும் பிடுங்கிப்போட்டு, யாரையும் எதையும் தொட விடாம செய்யுற சோதனை அது. சரியா அளக்கணும்னா எர்த் டெஸ்டர் வச்சிருக்க ஆளைக் கூப்பிடுங்க. தூரம் தள்ளி ரெண்டு கம்பி அடிச்சு ஓம் கணக்கு எடுத்துத் தருவாங்க.

தம்பி, 38 வோல்ட் வருதுன்னா குழி காஞ்சது மட்டும் காரணமா இருக்காது. ஈரமில்லாத குழி நூறு ஓம், இருநூறு ஓம் காட்டும், அதுல இந்தச் சின்னக் கசிவு ஒரு வோல்ட்டுக்கு மேல ஏறாது. எங்கேயோ வயர் விட்டிருக்கு. போல்ட்டைச் சுரண்டிப் பாருங்க, உள்ள துருதான் நிக்கும். உப்புப் போட்ட குழியில ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) வயரு அந்த இடத்துலதான் முதல்ல அரிச்சுப்போகும்.

புதுசா போடுறதா இருந்தா 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப், இரண்டரை மீட்டர் நீளம், சுவத்துலருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி. உங்க ஊர்ல 4 அடியில பாறைன்னா பைப்பைப் பாதியில வெட்டி இறக்கி மூடிட்டுப் போயிருவாங்க, அதுக்கு ஒத்துக்காதீங்க. அரை மீட்டர் ஆழத்துல வாய்க்கால் மாதிரி வெட்டி, 25க்கு 4 மில்லிமீட்டர் ஜிஐ பட்டையை 15 மீட்டர் படுக்க வைக்கலாம். துணி துவைக்கிற கல்லுத் தண்ணி ஓடுற பக்கமா போட்டா வருசம் முழுக்க ஈரம் நிக்கும். உப்புக்குப் பதிலா பென்டோனைட்னு ஒரு களிமண் பொடி இருக்கு, அதைப் போடுங்க. ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், இரும்பை அரிக்காது. எங்க திருமங்கலம் கரிசல்ல வேற பிரச்னை. மழையில அருமையா பிடிக்கும், கோடையில மண்ணு வெடிச்சு பைப்பை விட்டு விலகி நிக்கும். 

சால்டரிங் மேசை

எர்த் போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) அவசியம். எம்சிபி (ஓவர்லோடு, ஷார்ட் வந்தால் விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல குழி 5 ஓம் என்று வையுங்கள். ஃபேஸ் பாடியில் பட்டால் ஓடுவது 230ஐ 5ஆல் வகுத்து 46 ஆம்பியர். சி வகை 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 46க்கு அது சூடாகித்தான் விழும், பல விநாடி ஆகலாம். அதுவரை கேபினெட்டில் ஃபேஸ் நிற்கும். ஆர்சிசிபிக்கு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே போதும், கண் மூடித் திறப்பதற்குள் வெட்டிவிடும். பாறை மண்ணில் குழி 5 ஓமுக்கு இறங்கவில்லை, 50 ஓமில் நிற்கிறது என்றாலும் ஆர்சிசிபிக்கு அது தாராளம். மேலூர் மாதிரி இடத்துக்கு அதைவிட நல்ல காப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

வாங்கும்போது ஏ வகை கேளுங்கள். கணினி, எல்இடி டிவி, இன்வெர்ட்டர் ஏசி போன்றவற்றின் கசிவு அரைகுறை டிசியாகவும் வரும், 'ஏசி வகை' என்று விற்கும் ஆர்சிசிபி அதைச் சரியாக உணராது.

உங்களிடம் இன்வெர்ட்டர் இருப்பதால் ஒரு சிக்கல் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். இன்வெர்ட்டருக்கு ஃபேஸ் ஆர்சிசிபிக்குப் பிறகு எடுத்து, அதன் லைட்டுகளின் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு முன்னாலுள்ள பொது நியூட்ரலில் சேர்த்திருந்தால், போன கரண்ட் திரும்பி வரவில்லை என்று ஆர்சிசிபி எண்ணி விழுந்துகொண்டே இருக்கும். "ஆர்சிசிபி சரியில்லை" என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். குற்றம் வயரிங்கில். வீட்டு நியூட்ரல், இன்வெர்ட்டர் நியூட்ரல் இரண்டும் ஆர்சிசிபியின் வெளிவாயிலிருந்தே வர வேண்டும்.

ஸ்பைக் கார்டு (வோல்டேஜ் திடீரென எகிறினால் காக்கும் பாக்ஸ்) வைத்திருந்தாலும் எர்த் இல்லாமல் பாதி வேலைதான் செய்யும். ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குப் போகும் பாகங்கள் சும்மா கிடக்கும்.

மேலூர் டெஸ்க்டாப்

அண்ணன் சொன்னது அப்படியே. போல்ட்டைத் தொட்டதும் வயர் கையோடு வந்துவிட்டது. நுனியைச் சுரண்டி, புது ஜிஐ போல்ட், ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவியாச்சு. குழியில் நான்கு வாளித் தண்ணீர். பாக்ஸை 3 கோர் ஒயருக்கு மாற்றி, மானிட்டருக்கு நம்ம ஊர் மூன்று பின் கார்டு. இப்போது ஃபேஸ்–எர்த் 229, நியூட்ரல்–எர்த் 1.6. வெறுங்காலில் ஈரத்தரையில் மீட்டர் வைத்தால் கேபினெட்டில் 1 வோல்ட்டுக்கும் கீழ். ஆர்சிசிபிக்கு ஆள் சொல்லியிருக்கிறது, இன்வெர்ட்டர் நியூட்ரல் விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

மெட்டல் பாடி லேப்டாப் ஒன்றும் இருக்கிறது. அடாப்டர் இரண்டு பின். அதிலும் இதே சுருக்.

சால்டரிங் மேசை

இரண்டு பின் அடாப்டருக்கு வீட்டு எர்த் எட்டாது. அதன் உள்ளேயும் ஒரு ஒய் கெபாசிட்டர் உண்டு, அளவு சின்னது. அதே நிறுவனத்தின் மூன்று பின் கார்டு அந்த அடாப்டருக்குக் கிடைத்தால் மாற்றுங்கள். கிடைக்காவிட்டால், டெஸ்க்டாப்போடு லேன் அல்லது எச்டிஎம்ஐ கேபிள் இணைப்பதற்கு முன் அடாப்டரை உருவிவிடுங்கள். சார்ஜ் போடும்போது மொபைலில் தொடுதிரை தானாகத் துள்ளினால் அங்கேயும் சார்ஜரைத்தான் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும், திரையை அல்ல.

வயர்மேன் திருமங்கலம்

அந்த 1.6ஐ மெயின் போர்டு மூடியில மார்க்கர்ல தேதி போட்டு எழுதி வைங்க தம்பி. அடுத்த மாசம் கத்திரி முடியுறதுக்குள்ள, மோட்டாரும் கிரைண்டரும் ஓடுற நேரத்துல திரும்ப ஒருதரம் பாருங்க. 5 வோல்ட் தாண்டிச்சுன்னா எர்த், நியூட்ரல் ரெண்டு வயர் ஜாயிண்ட்டையும் பாருங்க. ஆர்சிசிபி மாட்டுனதும் அதுல இருக்க டெஸ்ட் பட்டனை மாசம் ஒருதரம் அமுக்குங்க. விழலைன்னா அன்னைக்கே மாத்திருங்க.