புதுப்பிப்பு: உணவு விதியை மீறினால் முதலாளிக்கு ஒன்றும் ஆகாதா?

உணவு விதிகளை மீறினால் நிறுவனத்துக்குத்தான் அபராதம், முதலாளி தப்பித்துவிடுவார் என்று போன வாரம் இந்த இழையில் எழுதியிருந்தேன். அது தவறு.

அமெரிக்காவின் பார்க் வழக்கையே பாருங்கள். ஆக்மி மார்க்கெட்ஸ் என்ற உணவுக் கடைச் சங்கிலியின் கிடங்கில் எலித் தொல்லை. அதிகாரிகள் எச்சரித்துவிட்டு மறுபடி சோதித்தபோதும் எலி நடமாட்டம். பொறுப்பைக் கீழே உள்ளவர்களிடம் ஒப்படைத்திருந்ததாக நிறுவனத் தலைவர் பார்க் சொன்னார். 1975-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தடுக்கும் அதிகாரம் இருந்தும் தடுக்காததே குற்றம் என்றது. அபராதம் என்னவோ வெறும் 250 டாலர்!

தெரிந்தே செய்தால் கதை வேறு. சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி கலந்த வேர்க்கடலைப் பொருள்களைப் போலிப் பரிசோதனைச் சான்றோடு அனுப்பிய பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்காவின் தலைவருக்கு 2015-இல் 28 ஆண்டு சிறை. அந்தத் தொற்றில் 9 பேர் இறந்திருந்தார்கள். இதைப் படித்ததும் என் பழைய பதிவை நினைத்து வெட்கமாகிவிட்டது.

அப்புறம், லேபிள் பிழைக்கும் சிறையா என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் இல்லை. முதலில் திருத்தச் சொல்லி நோட்டீஸ், பிறகு அபராதம், திரும்பத் திரும்பச் செய்தால் உரிமம் ரத்து என்றுதான் போகும். பழைய பதிவைத் திருத்திவிட்டேன்.