"கோரிக்கை என்ன, தம்பி?": பேசவும் எழுதவும் பழகிய அனுபவங்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து, கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர்:

பாடசாலை நாட்களில் நான் பேச்சாளன் என்று பெயரெடுத்தவன். தமிழ்த் தினப் போட்டிக்கு ஆசிரியர் எழுதித் தந்த உரையை, மண்முனைத்துறையில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடக்கும் ஒவ்வொரு காலையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனனம் செய்தேன். (2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்ட பின்னர் அவ்வளவு ஆறுதலான பயணம் யாருக்கும் வாய்ப்பதில்லை.) வலய மட்டத்தில் பரிசும் கிடைத்தது. அந்தப் பரிசு எனக்குச் செய்த கெடுதலை உணர்வதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

திருமணத்தின் பின்னர், சீதனமாகக் கிடைத்த வயலைச் செய்யத் தொடங்கினேன். அது உன்னிச்சைக் குளத்து நீர் பாயும் ஒரு கண்டத்தில் (வயல் தொகுதியில்), வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. சிறுபோகத்துக்கு முன்னர் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலேயே எவ்வளவு பரப்பில் விதைப்பது, எந்தத் திகதியில் நீர் திறப்பது, விதைப்பை எப்போது முடிப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்பவையெல்லாம் தீர்மானிக்கப்படும் என்பதால், அன்று சொல்லாமல் விட்டதைப் போகம் முடியும்வரை சொல்லிப் பயனில்லை. எங்கள் கண்டத்தின் சார்பில் பேசும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.

மூன்று பக்கங்கள் எழுதிச் சென்றேன். "காரைதீவில் 1892இல் பிறந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலானந்தரைத் தந்த மண்ணிலே நின்றுகொண்டு" என்று ஆரம்பித்து, மீன்பாடும் தேன்நாடாம் மட்டக்களப்பை வாழ்த்தி, உழவரின் பெருமைக்கு வந்து சேர்வதற்குள் நான்கு நிமிடங்கள் கடந்துவிட்டன. சொன்னவற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் விபுலானந்தருக்கும் உடைந்துபோன மதகுக் கதவுக்கும் என்ன தொடர்பு என்று மேசைக்கு அப்பால் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? தலைமை தாங்கிய உத்தியோகத்தர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாத குரலில், "கோரிக்கை என்ன, தம்பி?" என்று கேட்டார். கோரிக்கை மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது. நான் தாள்களைப் புரட்டும் சரசரப்பு ஒலிவாங்கியில் மண்டபம் முழுவதும் கேட்டது; சிலர் சிரித்தார்கள்.

அப்போது, எங்கள் கண்டத்தின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை எழுந்தார். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். "ஐயா, எங்கட கண்டத்துக்குத் தண்ணி ஏழு நாள் பிந்தித்தான் வருது. விதைப்பு முடிக்கிற திகதிய எங்களுக்கு மட்டும் ஏழு நாள் தள்ளித் தாங்க. மதகுக் கதவு உடைஞ்சு கிடக்கு, நாளைக்கு வந்தாலும் காட்டுவன்" என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. திகதி தள்ளி வைக்கப்பட்டது.

அந்த மூன்று வாக்கியங்களை இன்றுவரை நான் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். குறை எத்தனை நாள் என்பதை முதலில் சொன்னார். எதிரில் இருப்பவர் செய்ய வேண்டியதை அடுத்து வைத்தார். காரணத்தைக் கடைசியில், போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பொருளாகக் காட்டினார். நானோ, கேட்பவர் என் பேச்சை மெச்ச வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு போயிருந்தேன். போட்டி மேடையில் நடுவர் புள்ளி வழங்குவதற்காகவே உட்கார்ந்திருப்பார். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் இருப்பவருக்கு அடுத்த கண்டத்துக்காரர் காத்திருக்கிறார் என்ற வேறுபாட்டை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கடிதங்களிலும் அதே நோய் எனக்கு இருந்தது. "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது யாதெனில்" என்று தொடங்கினால் பதினொரு வரிகளுக்குப் பிறகுதான் முற்றுப்புள்ளி வரும். இப்போது விடயத் தலைப்பையே முதலில் எழுதுகிறேன்: "மூன்றாம் வாய்க்கால் மதகுக் கதவைச் சிறுபோகத்துக்கு முன்னர் திருத்தித் தருதல்." அதன் கீழே எழுதப்படும் எந்த வாக்கியமும் அந்தத் தலைப்புக்கு உதவவில்லையென்றால் அதை வெட்டிவிடுகிறேன். இப்படி எழுதினால் மரியாதை குறைந்துவிடும் என்று எங்கள் தலைவர் இன்னும் முணுமுணுக்கிறார். "ஐயா" என்ற விளியும் "நன்றி"யும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அதற்கு மேலான மரியாதை, வாசிப்பவரின் நேரத்தை வீணாக்காமல் இருப்பதுதான் என்பது என் எண்ணம். எழுதியதை இரவு வைத்துவிட்டுக் காலையில் மனைவியிடம் வாசிக்கக் கொடுப்பேன். அவர் எந்த வரியில் தரித்து மீண்டும் மேலே போகிறாரோ, அந்த வரியைத்தான் திருத்துவேன்.

அக்கரைப்பற்றிலிருந்து, ஓர் ஆசிரியை:

என்னுடைய வாப்பா மனு எழுதிக் கொடுப்பவராக இருந்தார். வீட்டு முன் விறாந்தையில் ஒரு பழைய தட்டச்சுப் பொறியும் இரண்டு கதிரைகளும் இருக்கும். வருபவர் அழுது முடிக்கும்வரை அவர் பொறியைத் தொடவே மாட்டார். பிறகு, "இந்தக் கடிதத்த வாசிச்சிட்டு அவர் என்ன செய்யணும்டு நீங்க நெனைக்கிறீங்க?" என்று கேட்பார். பலருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது; பதில் கிடைத்த பிறகுதான் தாளைச் செருகுவார். எழுதி முடித்ததும் உரத்து வாசித்துக் காட்டுவார். மனுவுக்குச் சொந்தக்காரர் தலையசைக்காத இடத்தில் மைப் பேனையால் ஒரு புள்ளி விழும்.

அந்தப் பாடத்தை நான் பிந்தித்தான் பயன்படுத்தினேன். எங்கள் வீதியின் வடிகான் பாதியில் நின்றுபோனது குறித்து, தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமான அது 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது; தகவலை ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். நான் காரணத்தை ஒரு பக்கம் எழுதிவிட்டு, "மக்கள் படும் துன்பத்துக்கு யார் பொறுப்பு?" என்று முடித்திருந்தேன். "தங்களின் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரிப் பதில் வந்தது. ஆத்திரம் வந்தது உண்மைதான். ஆனால் நான் கேட்டது தகவலே அல்ல என்பதும் உறைத்தது. இரண்டாம் முறை மூன்றே கேள்விகள் கேட்டேன்: வடிகானுக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, இதுவரை கொடுக்கப்பட்ட தொகை எவ்வளவு, வேலை முடிய வேண்டிய திகதி எது. மூன்றுக்கும் இலக்கத்தில் பதில் வந்தது.

ஆனால் அந்தப் பதில் சிங்களத்தில் வந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பிறகும் அம்பாறை மாவட்டத்தில் எங்களுக்கு இது புதிதல்ல. தமிழிலேயே பதில் வேண்டும் என்று இரண்டு வரிகளில், எவரையும் குற்றஞ்சாட்டாமல் திருப்பி எழுதினேன். தமிழ்ப் பிரதி வந்தது. இப்போது மாணவிகளுக்குக் கடிதம் எழுதப் பழக்கும்போது, புத்தகத்தில் உள்ள மாதிரிக்கு முன்னர் வாப்பாவின் கேள்வியைத்தான் கேட்கச் சொல்கிறேன்.

மட்டக்களப்பு நகருக்கு அருகிலிருந்து, ஓய்வுபெற்ற ஒருவர்:

எழுத்தைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். நான் குரலைப் பற்றிச் சொல்கிறேன். இளமையில் வடமோடிக் கூத்தில் ஆடியிருக்கிறேன். வட்டக்களரி என்னும் வட்ட மேடையில் நாற்புறமும் சபை இருப்பதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பாதிப் பேருக்கு முதுகுதான் தெரியும். எங்கள் காலத்துக் களரியில் ஒலிபெருக்கியும் இல்லை. சட்டம் (ஆடுபவருக்குரிய பாட்டும் வசனமும்) கொடுத்த சில நாட்களில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் வளவின் மறு மூலையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, அங்கிருந்தபடியே எங்கள் வசனத்தைக் கேட்பார். "கத்தாத. கடைசி எழுத்த முழுங்காமச் சொல்லு" என்பது ஒன்றுதான் அவருடைய திருத்தம். சத்தம் போட்டவனுக்குத் தொண்டை கட்டியது. கடைசி எழுத்துக்கு மூச்சை மிச்சம் பிடித்தவனின் வசனம் மதில்வரை போனது. பின்னர் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு வேறு குரல் பயிற்சி தேவைப்படவில்லை.

படுவான்கரையிலிருந்து, மீண்டும் செயலாளர்:

ஐயா சொன்னதை நேற்று மாலை செய்து பார்த்தேன். வாய்க்காலின் இந்தக் கரையில் நின்று, அடுத்த கூட்டத்துக்கான நான்கு வரிகளைக் கத்தாமல் சொல்லி, மறுகரையில் மாடு கட்டிக்கொண்டிருந்த மகனிடம் என்ன கேட்டது என்று வினவினேன். "ஏழு நாள் மட்டும் விளங்கினது, அப்பா. மிச்சமெல்லாம் ஐயா, ஐயா எண்டு கேட்டது" என்றான். வரிகளை மூன்றாகக் குறைத்திருக்கிறேன்.