மும்பை ஹாஃப் மாரத்தான்: பெடர் ரோடு ஏற்றத்துக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: எங்கள் சென்னை கிளப்பிலிருந்து சில பேர் ஜனவரியில் மும்பையில் 21 கி.மீ. ஓடப் போகிறோம். மெரினாவில் சமதளத்திலேயே ஓடிப் பழகிவிட்டோம், பெடர் ரோடு என்றாலே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். குளிருக்கு முழுக்கை டீஷர்ட் வேண்டுமா?

பதில் 1: முழுக்கையா! வேண்டாம் தம்பி. ஓட்டம் தொடங்கும் மாஹிமில் விடியுமுன் நிற்கும்போது லேசாகக் குளிரும், தூக்கிப் போடுகிற மாதிரி பழைய சட்டை ஒன்று போதும். ஸீ லிங்க் கடல் பாலத்தில் காற்று சுகமாக இருக்கிறதே என்று வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள், பெடர் ரோட்டில் அதற்கு வட்டியோடு கட்ட வேண்டிவரும்.

பதில் 2: பரங்கிமலை ரோட்டில் ஏறி இறங்கிப் பழகுங்கள். ஏற்றத்தில் சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும், வாட்ச்சைப் பார்க்கவே கூடாது. இறக்கத்தில்தான் தொடை போகும், அதையும் பழகுங்கள்.

கேட்டவர்: சரி அண்ணா, இந்த ஞாயிறே பரங்கிமலைதான்.