மொசைக் பிரவுசரை எழுதியது ஆண்ட்ரீசனா, எரிக் பைனாவா?

பழைய மோடம்:
நேற்று ஒரு காணொளி பார்த்தேன். "படம் காட்டிய உலகின் முதல் பிரவுசரைத் தனி ஆளாக எழுதிய மாணவர் மார்க் ஆண்ட்ரீசன்" என்று தொடங்குகிறது. மொசைக்கைத்தான் சொல்கிறார்கள். இருபது நிமிடத்தில் எரிக் பைனாவின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. ஆண்ட்ரீசன் அப்போது இலினாய் பல்கலைக்கழக மாணவர். அங்கிருந்த என்.சி.எஸ்.ஏ. என்ற சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தில் மணிக்கு 6.85 டாலருக்குப் பகுதிநேர வேலை. பைனா அதே மையத்தில் முழுநேர நிரலர். மொசைக் கோடில், அதாவது நிரலில், பெரும்பகுதி பைனா எழுதியது. இதைச் சொல்ல ஒரு வரி போதும், அதற்கும் மனமில்லை.

கரிசல்காட்டான்:
அந்தக் காணொளியை இங்கே பகிர்ந்தவன் நான். அதனால்தான் இந்தக் கோபம் என்று எனக்குத் தெரியும். பைனாவைப் பேசிப் பேசி இழுத்துவந்து உட்காரவைத்ததே ஆண்ட்ரீசன்தான். வலைப்பக்கத்துக்குள் படம் வைக்க ஐஎம்ஜி டேக் என்ற குறியீடு வேண்டும் என்று 1993 பிப்ரவரி 25 அன்று வலை நிரலர்களின் அஞ்சல் குழுவில் முன்மொழிந்தது யார்? பைனாவா?

பழைய மோடம்:
முன்மொழிவது வேறு, எழுதுவது வேறு. அந்த அஞ்சலுக்கு வந்த பதில்களையும் படியுங்கள். மைடாஸ் பிரவுசரை எழுதிய டோனி ஜான்சன், ஏறக்குறைய இதே வசதி தன் மைடாஸ் 2.0-வில் இருக்கிறது என்றார். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ வேறொரு முறையைச் சொன்னார். மொசைக்காரர்கள் தங்கள் முறையிலேயே வெளியிட்டார்கள், அது நிலைத்துவிட்டது. ஆக "முதல்" என்பதும் தவறு, "தனி ஆள்" என்பதும் தவறு. கோடு பைனாவுடையது.

நிலாமுற்றம்:
ஒரு நிமிடம். "எழுதினார்" என்று நாம் எதைச் சொல்கிறோம்? கோடு அடிப்பதையா, யோசனையையா, ஆள் சேர்த்து வெளியிடுவதையா? இதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும்.

கரிசல்காட்டான்:
பெரிய கோயிலைக் கட்டியது ராஜராஜன் என்கிறோம். கல் செதுக்கியவன் பெயரையா சொல்கிறோம்? அதுபோலத்தான் இதுவும்.

பழைய மோடம்:
நல்ல உதாரணம் தந்தீர்கள். அந்தக் கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று தச்சனின் பெயர் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு பேரரசனுக்கு இருந்த மனது இந்தக் காணொளிக்காரருக்கு இல்லை. பைனா பெயரைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தஞ்சை வாசி:
அந்தக் கல்வெட்டு அவரைக் கோயிலின் தலைமைச் சிற்பி என்று நேராகச் சொல்கிறதா? தச்சன் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஊர்க் கோயிலை வைத்து வாதாடும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.

பழைய மோடம்:
பெயர் இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். சொல்லாததற்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

தஞ்சை வாசி:
மின்னஞ்சலைக் கண்டுபிடித்தது யார் என்ற இழையிலும் இப்படித்தான் நழுவினீர்கள். மறக்கவில்லை.

ஈத்தர்நெட்:
கோயிலை விட்டுவிட்டு ஆளைப் பற்றிப் பேசலாமா? மொசைக்குடன் ஆண்ட்ரீசன் நின்றுவிடவில்லை. 1994 ஏப்ரலில் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனர் ஜிம் கிளார்க்குடன் பிரவுசர் கம்பெனி தொடங்கினார். கம்பெனிக்கு வைத்த மொசைக் என்ற பெயருக்குப் பல்கலைக்கழகம் ஆட்சேபித்ததால் அது நெட்ஸ்கேப் ஆனது. 1995 ஆகஸ்ட் 9 அன்று பங்கு வெளியீடு. 28 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாளே 75 வரை போய் 58.25-ல் முடிந்தது. அவருக்கு அப்போது 24 வயது. ஆறே மாதத்தில் டைம் இதழின் அட்டையில் வெறுங்காலோடு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார்.

பழைய மோடம்:
அந்த அட்டைதான் என் கேள்வியே. நெட்ஸ்கேப்பின் நிறுவனர்களில் பைனாவும் ஒருவர். பழைய கோடைத் தொடாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார்கள், இலினாயிலிருந்து வந்த அந்த நிரலர் கூட்டமே எழுதியது. நிர்வாகத்தைப் பார்த்தவர் ஜிம் பார்க்ஸ்டேல். சிம்மாசனம் மட்டும் ஒருவருக்கு.

கரிசல்காட்டான்:
ஒருவர் எதையுமே செய்யவில்லை என்று நிரூபித்தால்தான் உங்களுக்குத் தூக்கம் வருமா? 1999-ல் லவுட்கிளவுட் தொடங்கினார். கிளவுட் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில் சர்வர்களை வாடகைக்கு நடத்தித்தரும் தொழில். இணைய நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்த டாட்காம் சரிவில் வாடிக்கையாளர்களே காணாமல் போனார்கள். 2002-ல் அந்தத் தொழிலை 6.35 கோடி டாலருக்கு இடிஎஸ் என்ற கணினிச் சேவை நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஆப்ஸ்வேர் என்று மாற்றினார்கள். 2007-ல் ஹெச்பி அதை 160 கோடி டாலருக்கு வாங்கியது. கீழே விழுந்து இப்படி எழுந்த எத்தனை பேரைக் காட்டுவீர்கள்?

பழைய மோடம்:
அந்த ஐந்து ஆண்டும் சிஇஓ நாற்காலியில் இருந்தவர் பென் ஹாரோவிட்ஸ். ஆண்ட்ரீசன் இயக்குநர் குழுத் தலைவர். எழுந்தது ஹாரோவிட்ஸ். மொசைக்கில் பைனா, நெட்ஸ்கேப்பில் பார்க்ஸ்டேல், ஆப்ஸ்வேரில் ஹாரோவிட்ஸ். எனக்கு ஒரே கதைதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

ஈத்தர்நெட்:
எனக்குத் தெரிவது வேறு. ஒவ்வொரு தடவையும் சரியான ஆளைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டவர் அவர். 2009-ல் அதே ஹாரோவிட்ஸோடு முதலீட்டு நிறுவனம் தொடங்கியதும் அந்தத் திறமையை நம்பித்தான்.

நிலாமுற்றம்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கரிசல்காட்டான்:
பைனாவே இப்படி மேடை போட்டுப் புலம்பியதாக நான் எங்கும் படித்ததில்லை. அவருக்கு இல்லாத வலி உங்களுக்கு ஏன்?

பழைய மோடம்:
நானும் இரவு முழுக்க விழித்து எழுதிய நிரலை வேறொருவர் தன் பெயரில் மேடையேற்றியதைக் கீழே உட்கார்ந்து பார்த்தவன். அதனால் வலிக்கிறது. சரி, திரும்பக் கேட்கிறேன். மொசைக் கோடில் பெரும்பகுதியை எழுதியது யார்? ஒரு பெயர் போதும்.

தஞ்சை வாசி:
அந்தக் கல்வெட்டு எந்தச் சுவரில் இருக்கிறது என்றாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

கரிசல்காட்டான்:
ஐஎம்ஜி டேக்கை முன்மொழிந்தது யார்? நீங்கள் முதலில் அதைச் சொல்லுங்கள்.