குவாலியா: ‘உணர்பண்பு’ சரிவருமா?

> ‘குவாலியா’வுக்கு ‘உணர்பண்பு’ என்று போட்டுவிடலாமா?

வணக்கம் ஐயா.

ஓர் அனுபவம் அனுபவிக்கிறவருக்கு உள்ளே எப்படி இருக்கிறதோ, அதைத்தான் மெய்யியலில் ‘குவாலியா’ (qualia) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘உணர்பண்பு’ என்ற சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பண்பு என்றதும் மனம் பொருளின் பக்கம் போய்விடுகிறது: பூவின் சிவப்பு, மருந்தின் கசப்பு. 1929இல் இந்தச் சொல்லை மெய்யியலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்க மெய்யியலாளர் சி. ஐ. லூயிஸே, பொருளின் பண்போடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்கிறார். அனுபவிக்கிறவருக்கு அது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும்.

வலியைப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று மருத்துவர் கேட்கிறார். நானும் ஏழு, நீங்களும் ஏழு. எனக்கு நேற்றைக்கு இன்று குறைந்திருக்கிறதா என்று பார்க்க அந்த எண் போதும். என் ஏழும் உங்கள் ஏழும் ஒன்றுதானா? அதைச் சொல்ல அந்த எண்ணால் ஆகாது.

மெய்யியலாளர் தாமஸ் நேகல் 1974இல் வௌவாலை வைத்துக் கேட்டதும் இதுதான். எதிரொலியால் அது வழி கண்டுபிடிப்பதை விளக்கிவிடலாம். வௌவாலுக்கு அது எப்படி இருக்கும்? நாமே வௌவாலாகப் பறப்பதாகக் கற்பனை செய்தால், அங்கேயும் நாம்தான் இருப்போம், வௌவால் இருக்காது.

என் பரிந்துரை ‘அகப்பாடு’. உள்ளே நிகழ்வது உடலில் வெளிப்பட்டால் மெய்ப்பாடு. தொல்காப்பியம் எட்டு சொல்கிறது. வெளிப்படாமல் உள்ளேயே நிற்பது அகப்பாடு. ‘அகம்’ என்பதற்கு தொல்காப்பிய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தரும் விளக்கமும் கைகொடுக்கிறது: கூடிய இருவர்கூட ஒருவருக்கொருவர் ‘இவ்வாறிருந்தது’ என்று கூற முடியாத இன்பம். காதலருக்கே இந்தக் கதி!

—

> அகப்பாடு என்றால் அகப்பட்டுக்கொள்வதுதான் நினைவுக்கு வருகிறது. ‘அகவய அனுபவம்’ ஏற்கெனவே இருக்கிறதே?

அது பரந்த சொல் அம்மா. ஒரு பாட்டைக் கேட்பது முழுவதும் அகவய அனுபவம். அதில் ஒரு சுரம் எனக்குக் கேட்கிற விதம் மட்டும் குவாலியா. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், கட்டுரை எழுதும்போது இரண்டாம் பத்தியிலேயே திண்டாடுவோம்.

அப்புறம், மாட்டிக்கொள்ளும் சாயல் எனக்கு உறுத்தவில்லை. வெளியே எடுத்துக் காட்ட முடியாத ஒன்றுக்கு அது பொருத்தம்தான். ‘அகப்பாடு’ யாருக்கும் பிடிக்காவிட்டால் ‘குவாலியா’ என்றே எழுதுவோம், சரி. ‘உணர்பண்பு’ மட்டும் வேண்டாம்.