வேலைக் களைப்பு: முன்பு எழுதியதற்கு ஒரு புதுப்பிப்பு

கந்தோர் வேலையால் நித்திரை குழம்பி, விடிந்தாலே நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியில் கொஞ்ச நேரம் இருந்து பாருங்கள் என்றீர்கள். இப்போது பின்னேரங்களில் போனை நிறுத்திவிட்டு அங்கே இருக்கிறேன்.

சித்தர் செல்லப்பா சுவாமி இருந்த இடம் அது. அவரிடம் அவருடைய சீடர் யோகர் சுவாமி பெற்ற ‘ஒரு பொல்லாப்பும் (தீங்கும்) இல்லை’ என்ற வாக்குத்தான் எனக்கு மிகவும் உதவுகிறது. யோகர் சுவாமியும் துறவுக்கு முன் கிளிநொச்சியில் களஞ்சியக் காப்பாளராக வேலை பார்த்தவர். அதனாலோ என்னவோ, அவர் சொல் கிட்டவே கேட்கிறது.

வேலை குறையவில்லை. ஆனால் அதன் முடிவை நினைத்து இரவு முழுக்க உருள்வது குறைந்திருக்கிறது. கடமையைச் செய், பலனில் பற்று வைக்காதே என்ற கீதையின் போதனையும் இப்போதுதான் புரிகிறது. சரி, வைத்தியரிடம் போவதையும் விடவில்லை. இரவு அழைப்புகளைக் குறைக்கச் சொல்லி மேலாளரிடமும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.