உழுந்து–குரக்கன் கலப்புப் பயிர்: போட்டிக் குணகம் வருகுதில்லை, உதவுங்கோ

குளக்கட்டு:
வணக்கம். கிளிநொச்சி இரணைமடுப் பக்கம் எங்கட மேட்டுக்காணியில பெரும்போகத்துக்குக் குரக்கனும் (கேழ்வரகு) உழுந்தும் கலந்து போட்டன், இறுதியாண்டு ஆய்வுக்கு. சதுர மீற்றருக்கு 32 கன்று. குரக்கன்:உழுந்து 32:0, 24:8, 16:16, 8:24, 0:32 எண்டு ஐந்து விகிதம். காணியை நாலு தொகுதியாப் பிரிச்சு ஒவ்வொண்டிலயும் ஐந்தையும் போட்டன். கன்று ஒன்றின் விளைச்சலை வைச்சு லொட்கா-வொல்தேரா சமன்பாட்டில போட்டிக் குணகம், அதாவது ஒரு பயிர் மற்றதை எவ்வளவு நெருக்குது எண்ட எண், எடுக்கப் பார்க்கிறன். ‘ஆர்’ (R) எண்ட புள்ளிவிபர மென்பொருள் ‘சிங்குலர் கிரேடியன்ட்’ எண்டு பிழைச் செய்தி காட்டி நிண்டிடுது. தொடக்கப் பெறுமானத்தை மாத்தி மாத்தியே மூண்டு நாள் போச்சு.

வேர்முடிச்சு:
தம்பி, தொடக்கப் பெறுமானத்தில பிழையில்லை. லொட்கா-வொல்தேரா, காலத்தோட எண்ணிக்கை கூடிக் குறையிறதைச் சொல்லுறது. உங்கட காணியில எண்ணிக்கையைத் தீர்மானிச்சது விதைச்ச கை. ஒருபோகத் தரவுக்கு ஸ்பிட்டர்ஸ் எண்ட ஆய்வாளர் 1983இல் காட்டின வழி பொருந்தும்:

1/வி = அ + ஆ×கு + இ×உ

வி குரக்கன் கன்று ஒன்றின் விளைச்சல். கு குரக்கன் கன்றுகளின்ர எண்ணிக்கை, உ உழுந்துக் கன்றுகளின்ர எண்ணிக்கை. அ, ஆ, இ தரவில இருந்து கணிக்க வேண்டிய குணகங்கள். இ-ஐ ஆ-ஆல் வகுத்தால், ஒரு உழுந்து எத்தனை குரக்கன் அளவுக்கு நெருக்குது எண்டு வரும்.

ஆனால் இதுவும் இப்ப ஓடாது. எல்லாத் துண்டத்திலயும் கு+உ = 32. உழுந்து 8 கூடினால் குரக்கன் 8 குறையும். விளைச்சல் மாறினது உழுந்து வந்ததாலயா, குரக்கன் போனதாலயா? பிரிக்கவே ஏலாது. மொத்தத்தை மாத்தாமல் ஒண்டுக்குப் பதில் மற்றதைப் போடுற இந்த முறை, டி விற் எண்ட ஆய்வாளர் 1960இல் முன்வைச்ச மாற்றீட்டு அமைப்பு; அதில உள்ள குறை இது.

குளக்கட்டு:
அப்ப ஒரு போகமே வீணா அக்கா?

மேட்டுநிலம்:
விதைச்ச கணக்கு 32 சரி. முளைச்சு நிண்டது எத்தனை? எங்கட பக்கம் உழுந்து முளையை மயில் விட்டு வைக்காது.

குளக்கட்டு:
ஓம் அண்ணை! காட்டுக்கரைத் துண்டங்களில இரண்டு இலை விட்ட கையோட கொத்திப்போட்டுது. 24 உழுந்து போட்ட இடத்தில 15தான் நிண்டது. அறுவடைக் கொப்பியில எண்ணி எழுதியிருக்கிறன்.

வேர்முடிச்சு:
அந்த எண்ணிக்கையையே சமன்பாட்டில போடுங்கோ, விதைச்ச எண்ணிக்கை வேண்டாம். அங்க கு+உ 32 இல்லை, அதால இரண்டையும் பிரிக்க வழி வரும். ஒரு கவனம்: காட்டுக்கரை எண்டால் மரநிழலும் இருக்கும். மயில் தின்ட துண்டமும் நிழல் துண்டமும் ஒண்டெண்டால் நிழலின்ர பாதிப்பு உழுந்தின்ர கணக்கில விழும். தொகுதியையும் சமன்பாட்டில சேருங்கோ. வாற போகம் 16 குரக்கன் தனிய, 16 உழுந்து தனிய, 32 குரக்கனோட 16 உழுந்து எண்டு கட்டாயம் போடுங்கோ.

குளக்கட்டு:
ஓடிட்டுது அக்கா! இரண்டு குணகமும் நேர்ப் பெறுமானம். உழுந்தின்ர குணகத்தில நியம வழு (கணிப்பு எவ்வளவு தளம்பலாம் எண்ட அளவு) இன்னும் பெரிசாத்தான் இருக்கு, அதை அப்படியே எழுதுறன். புதுத் துண்டங்களுக்கு அப்பாட்ட இடம் கேட்டிட்டன். காட்டுக்கரையை விட்டு, கிணத்தடிப் பக்கம்.